தண்ணீர், விளக்கு, ஒரு ஜோடிக் கண்: ஓலாஃபர் எலியாசன் வேலை செய்யும் விதம்

[காட்சி: இருட்டு அறை. மேலிருந்து சாய்வாக விழும் ஒரே ஒரு விளக்கொளி. அதில் திரைபோல இறங்கும் பொடி நீர்த்துளிகள்.]

தோட்டத்துக்குத் தண்ணீர் அடிக்கும்போது ஹோஸின் வாயை விரலால் அழுத்திப் பிடித்து வானவில் பார்த்திருக்கிறீர்களா? வெயில் முதுகில் பட வேண்டும், தண்ணீர் பொடிப்பொடியாகச் சிதற வேண்டும். இரண்டும் கூடி வந்தால் ஒரு நொடி நிறங்கள் தெரியும். உடனே பக்கத்தில் நிற்கும் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டுவோம். "எங்கே? எனக்குத் தெரியலையே" என்பான்.

அவன் பொய் சொல்லவில்லை. வெயில் ஒரு துளிக்குள் நுழையும்போது வளைகிறது, துளியின் பின்பக்கத்தில் பட்டுத் திரும்புகிறது, வெளியே வரும்போது மறுபடி வளைகிறது. அந்த வளைவில்தான் நிறங்கள் பிரிகின்றன. நம் தலையின் நிழல் விழும் திசையிலிருந்து சுமார் 42 டிகிரி விலகியிருக்கும் துளிகள் மட்டுமே சிவப்பை நம் கண்ணுக்கு அனுப்பும். அதற்குச் சற்று உள்ளே இருப்பவை ஊதாவை அனுப்பும். தம்பியின் கண் நம்மிடமிருந்து இரண்டடி தள்ளி இருக்கிறது. அவனுக்கு வேறு துளிகள், வேறு வில். கறாராகச் சொன்னால், இரண்டு பேர் ஒரே வானவில்லைப் பார்க்கவே முடியாது.

1993-ல், கோபன்ஹேகன் கலை அகாதெமியில் இன்னும் படித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர் இதையே ஒரு படைப்பாகச் செய்தார். மேலே துளையிட்ட ஒரு ஹோஸ், ஒரு விளக்கு, இருட்டான அறை. அவ்வளவுதான் சாமான். 'அழகு' என்று பெயர் வைத்தார். உள்ளே வருபவர் நகர்ந்தால் நிறங்களும் நகரும். ஓரமாக ஒதுங்கினால் காணாமல் போகும். சரி, யாருமே இல்லாத நேரத்தில் அந்த அறையில் வானவில் இருக்கிறதா, இல்லையா? இந்த ஒரு கேள்வியை வைத்தே அவர் அடுத்த முப்பது வருடத்தையும் ஓட்டிவிட்டார் என்பது என் கணிப்பு.

[காட்சி: ஐஸ்லாந்து. மரமே இல்லாத கறுப்பு மணல்வெளி. வெகு தூரத்தில் வெள்ளைக் கோடாக ஓர் அருவி.]

ஓலாஃபர் எலியாசன். 1967-ல் டென்மார்க்கில் பிறந்தவர், பெற்றோர் ஐஸ்லாந்துக்காரர்கள். அவர்கள் பிரிந்தபின் அப்பா ஐஸ்லாந்துக்கே போய்விட, பையனின் விடுமுறைகள் அங்கே கழிந்தன. அப்பா மீன்பிடிக் கப்பலில் சமையல்காரர், கூடவே ஓவியரும். பையனுக்குப் பதின்வயதில் பிரேக் டான்ஸ் பைத்தியம். சிரிக்க வேண்டாம். உடம்பு திரும்பும்போது சுற்றியுள்ள இடம் எப்படி மாறுகிறது என்று ஓர் ஆட்டக்காரனுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்?

ஐஸ்லாந்தில் இன்னொரு விஷயம் உண்டு. அங்கே மரங்கள் குறைவு, வீடுகளும் குறைவு. ஒரு மலை எவ்வளவு உயரம், எவ்வளவு தூரம் என்று பக்கத்தில் எதையும் வைத்து அளக்க முடியாது. ஆனால் அருவி காட்டிக்கொடுத்துவிடும். பக்கத்து அருவி சடசடவென்று விழும். தூரத்து அருவியோ சோம்பேறித்தனமாக, நூல் இறங்குவதுபோல் இறங்கும். விழும் வேகத்தைப் பார்த்தே எவ்வளவு நடக்க வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுவிடலாம். எலியாசன் இதைத் தன் உரைகளில் சொல்வதுண்டு. கவனியுங்கள்: அருவி எவ்வளவு அழகு என்பதல்ல அவர் பேச்சு, அதை வைத்து நாம் என்ன கணக்குப் போடுகிறோம் என்பதுதான்.

அதனால்தான் அவர் மலையை வரைவதில்லை. மூடுபனி, ஒளி, பனிக்கட்டி, தண்ணீர் இவற்றையே அறைக்குள் கொண்டுவந்து இயங்கவிடுகிறார். இயக்கும் இயந்திரத்தையும் மறைப்பதில்லை. மேஜிக் செய்பவர் சட்டைக்கையைச் சுருட்டிவிட்டு ரகசியத்தைக் காட்டிக்கொண்டே செய்வதுபோல.

[காட்சி: லண்டன் டேட் மாடர்ன், டர்பைன் ஹால். மங்கலான மஞ்சள் ஒளி, எதிர்ச்சுவரில் மாபெரும் சூரியன். தரையில் மல்லாந்து படுத்திருக்கும் மனிதர்கள்.]

2003 அக்டோபர். லண்டனில் ஒரு பழைய மின் நிலையத்தைக் கலை அருங்காட்சியகமாக மாற்றியிருந்தார்கள். மின் உற்பத்தி இயந்திரங்கள் நின்ற கூடம், உயரம் சுமார் 35 மீட்டர். அதற்குள் எலியாசன் ஒரு சூரியனை வைத்தார். 'வானிலைத் திட்டம்' என்று பெயர்.

வைத்தது முழுச் சூரியன்கூட இல்லை, அரை வட்டம். ஒளி ஊடுருவும் ஒரு திரை, அதன் பின்னால் சுமார் 200 விளக்குகள். கூரை முழுக்கக் கண்ணாடி. அரை வட்டமும் கண்ணாடியில் விழுந்த அதன் பிம்பமும் சேர்ந்துதான் முழு வட்டம். காற்றில் மெல்லிய மூட்டம், அதற்குச் சர்க்கரையும் தண்ணீரும் கலந்த கலவை.

அந்த விளக்குகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவை ஒரே ஒரு மஞ்சளைத்தான் உமிழும். நம் ஊரின் பழைய சோடியம் தெருவிளக்குக்கு அவை நெருங்கிய சொந்தம். அந்தத் தெருவிளக்கின் கீழே சிவப்புச் சட்டை பழுப்பாகத் தெரிந்தது நினைவிருக்கிறதா? டர்பைன் ஹாலில் இது அதன் எல்லைக்கே போனது. நீலப் புடவையோ பச்சைக் குடையோ, எதுவானாலும் மஞ்சளும் கறுப்பும்தான். பொருள் மேல் விழும் ஒளியில் ஒரே அலைநீளம் இருந்தால், திருப்பி அனுப்ப அதனிடம் வேறு நிறம் ஏது?

மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? படுத்துக்கொண்டார்கள். அருங்காட்சியகத் தரையில், கோட்டும் சூட்டுமாக. உயரே கண்ணாடியில் எறும்பு அளவில் தெரியும் தங்களைத் தேடிக் கண்டுபிடித்துக் கையசைத்தார்கள். கூட்டமாகச் சேர்ந்து எழுத்துகளின் வடிவத்தில் படுத்தவர்களும் உண்டு. 2004 மார்ச் வரை இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். லண்டன் குளிர்காலத்தில் சூரியன் என்றால் வராமல் இருப்பார்களா?

எனக்குப் பிடித்த பகுதி வேறு. கூடத்தின் மறுகோடிக்கு, சூரியனுக்கு அடியிலேயே நடந்து போகலாம். போனால் விளக்குகளும் சட்டங்களும் மின்கம்பிகளும் கண்ணெதிரே. எல்லாம் தெரிந்துகொண்டு திரும்பி நடந்து வந்தாலும், அது மறுபடி சூரியனாகிவிடுகிறது. ஏமாற்று என்று தெரிந்த பிறகும் வேலை செய்யும் ஏமாற்று அது.

[காட்சி: வெளிறிய பச்சைச் சுவர், மிக அருகில். கை ஒன்று தொடுகிறது.]

இதற்கு முன்பே, 1994-ல், 'பாசிச் சுவர்' செய்திருந்தார். அருங்காட்சியகச் சுவர் முழுக்கக் கலைமான் பாசி. பெயர்தான் பாசி, உண்மையில் அது பூஞ்சையும் ஆல்கா என்ற நுண்ணுயிரும் சேர்ந்து வாழும் லைக்கன். காயும்போது சுருங்கும். தண்ணீர் தெளித்தால் உப்பி நிறம் மாறி வாசனை விடும். படத்தில் தெரியாத விஷயம் அந்த வாசனை. வீடியோ எடுக்கும் எங்களுக்கும் அதில் தோல்விதான்.

[காட்சி: நகர நடுவே பளீர்ப் பச்சை நிற ஆறு. பாலத்தில் நின்று எட்டிப் பார்க்கும் மக்கள்.]

1998-லிருந்து 2001 வரை செய்த 'பச்சை ஆறு' இன்னும் துணிச்சலானது. யுரனின் என்றொரு சாயப்பொடி. யுரேனியத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, பயப்பட வேண்டாம். தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று தடம் பார்க்க ஆய்வாளர்கள் பயன்படுத்துவது. கண் மருத்துவர்கள் கண்ணில் விடும் சாயமும் இதே வகைதான். பொடியாக இருக்கும்போது செம்மஞ்சள், தண்ணீரில் விழுந்தால் பளீர்ப் பச்சை. இதை பிரேமன், லாஸ் ஏஞ்சலிஸ், ஸ்டாக்ஹோம், டோக்கியோ போன்ற இடங்களில் ஆற்றில் கலந்துவிட்டார், முன்னறிவிப்பு இல்லாமல். தினமும் பாலத்தைக் கடப்பவர்கள் அன்றுதான் நின்று ஆற்றைப் பார்த்தார்கள். நீர் எங்கே சுழிக்கிறது, எங்கே தேங்குகிறது என்பதெல்லாம் பச்சையில் எழுதிக் காட்டியதுபோல் தெரிந்தது. ஊரைக் கேட்காமல் ஊர் ஆற்றில் கை வைக்கலாமா? எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. ஆனால் கேட்டுச் செய்திருந்தால் அது திருவிழா அலங்காரமாகிப் போயிருக்கும் என்பதும் புரிகிறது.

[காட்சி: பெர்லின் ஸ்டுடியோ. மேசையெங்கும் அட்டை மாதிரிகள், கண்ணாடித் துண்டுகள், விளக்குகள்.]

இவ்வளவையும் ஓர் ஆள் தனியாகச் செய்ய முடியாது. 1995-லிருந்து பெர்லினில் ஸ்டுடியோ நடத்துகிறார். கைவினைஞர்கள், கட்டடக்கலைஞர்கள், ஆய்வாளர்கள் எனச் சுமார் நூறு பேர். மதியம் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், சைவச் சாப்பாடு. அந்தச் சமையலறை பற்றித் தனிப் புத்தகமே வந்திருக்கிறது. கப்பல் சமையல்காரர் மகன் அல்லவா!

அங்கே உருவான வடிவங்களில் ஒன்று, ஐஸ்லாந்துக் கட்டடக்கலைஞர் ஐனர் தோர்ஸ்டெய்னுடன் சேர்ந்து பிடித்தது: பன்னிரண்டு முகம் கொண்ட ஒரு கண்ணாடிச் செங்கல். 2011-ல் ரெய்க்யவிக்கில் திறக்கப்பட்ட ஹார்பா இசை அரங்கின் தெற்கு முகப்பு முழுக்க அதுதான். பார்த்தால் ஐஸ்லாந்தின் பசால்ட் பாறைத் தூண்கள் நினைவுக்கு வரும். ஏரி வற்றினால் சேறு சுருங்கிக் கட்டம் கட்டமாக வெடிக்குமே, அதேபோல எரிமலைக் குழம்பு ஆறிச் சுருங்கும்போது ஆழமாக வெடித்து அறுகோணத் தூண்களாக நிற்கும்.

[காட்சி: நியூயார்க், புரூக்ளின் பாலம். அடியில் இரும்புச் சாரத்திலிருந்து கொட்டும் அருவி.]

எல்லாமே நன்றாகப் போனது என்று சொல்ல மாட்டேன். 2008 கோடையில் நியூயார்க்கின் ஈஸ்ட் ரிவர் ஓரம் நான்கு அருவிகள் எழுப்பினார். கட்டடம் கட்டும்போது போடுவதுபோன்ற சாரம், ஆற்றுநீரை மேலே ஏற்றும் பம்பு, அங்கிருந்து கொட்டும் தண்ணீர். சாரத்தை மறைக்கவே இல்லை. ஆனால் அந்த ஆற்றில் ஓடுவது கடல் உப்புநீர். காற்றில் பறந்த சாரல் கரையோர மரங்களின் இலையைக் கருக்கிவிட்டது. புகார் வந்தது, அருவி ஓடும் நேரத்தைக் குறைத்தார்கள். இயற்கையைக் காட்ட வந்த படைப்பு நாலு மரத்தை வாட்டியது வேடிக்கைதான்.

2015 டிசம்பரில் பாரிஸ். பருவநிலை மாநாடு நடந்துகொண்டிருந்தது. கிரீன்லாந்தின் கடற்கழியில் ஏற்கெனவே உடைந்து மிதந்துகொண்டிருந்த பனிப்பாறைகளில் பன்னிரண்டை எடுத்துவந்து, பாந்தியோன் சதுக்கத்தில் கடிகார வட்டமாக வைத்தார். கூட்டாளி, நிலவியலாளர் மினிக் ரோசிங். மக்கள் தடவினார்கள், கட்டிப்பிடித்தார்கள், சிலர் நக்கியும் பார்த்தார்கள். காதை வைத்தால் பொட் பொட்டென்று சின்ன வெடிச்சத்தம் கேட்டது. பழங்காலத்தில் பனிக்குள் அடைபட்ட காற்று வெளியேறும் சத்தம் அது.

உருகுவதைக் காட்ட இவ்வளவு தூரம் கப்பலும் லாரியும் ஓட்டுவதா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். நியாயமான கேள்வி. கரியமில வாயு சுமார் 30 டன் என்று கணக்கை அவர் தரப்பே வெளியிட்டது. பிரேமுக்கு வெளியே எதையும் தள்ளிவிடாத பழக்கம் இங்கேயும் தொடர்ந்தது என்றுதான் இதைப் பார்க்கிறேன்.

[காட்சி: அருகருகே இரண்டு வான்வழிப் புகைப்படங்கள்.]

கடைசியாக ஒன்று. 1999-ல் எலியாசன் ஐஸ்லாந்தின் பனியாறுகளை விமானத்திலிருந்து படம் எடுத்தார். அதே பனியாறுகளை, முடிந்தவரை அதே கோணத்தில், 2019-ல் மறுபடி எடுத்தார். மொத்தம் முப்பது ஜோடி. இதில் விளக்கு இல்லை, கண்ணாடி இல்லை, மூட்டம் இல்லை. இடதுபக்கம் பள்ளத்தாக்கை நிறைத்துக்கொண்டு இறங்கும் வெள்ளை நாக்கு 1999. வலதுபக்கம் 2019.

[இங்கிருந்து பேச்சு இல்லை, இசை இல்லை. ஜோடிப் படங்கள் ஒவ்வொன்றும் பத்து நொடி.]