காற்றை அளப்பவர்கள்

அன்பு நேயர்களுக்கு வணக்கம்.

போன மாதம் எங்கள் வீட்டு பிரிட்ஜ் குளிராமல் நின்றுவிட்டது. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "கேஸ் இறங்கிடுச்சு சார், ஏத்தணும்" என்றார். இறங்கின கேஸ் எங்கே போயிருக்கும் என்று கேட்டேன். கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன், கேட்காமல் இருக்க முடியவில்லை. "காத்தோட போயிருக்கும், வேற எங்க போகும்?" என்று சிரித்தார்.

அறுபதுகளில் செகந்தராபாத்தில் ஒரு பிரிட்ஜ் கம்பெனியில் வேலை பார்த்த இளைஞர் ஒருவருக்கு இந்தக் கேள்விதான் பிழைப்பு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்துவிட்டு வந்தவர். பிரிட்ஜிலிருந்து கேஸ் ஏன் கசிகிறது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. அவர்தான் வீ. ராமநாதன். பின்னால் அமெரிக்கா போய், அந்த கேஸின் ஒரு மூலக்கூறு கரியமில வாயுவின் பத்தாயிரம் மூலக்கூறுக்கு மேல் பூமியைச் சூடாக்கும் என்று 1975-ல் எழுதினார். அதற்கு முந்தைய வருடம்தான் கலிபோர்னியாவில் ஷெர்வுட் ரோலண்டும் மரியோ மோலினாவும் இன்னொரு ஆபத்தைச் சொல்லியிருந்தார்கள். குளோரோ புளோரோ கார்பன் என்கிற இந்த கேஸ் கீழே எதனோடும் சேராது, சிதையாது. மெல்ல மேலே ஏறிப் போய், அங்கே புற ஊதாக் கதிர் பட்டு உடையும். வெளியே வரும் ஒரே ஒரு குளோரின் அணு, அந்தக் கதிர் நம் மேல் படாமல் தடுக்கிற ஓசோன் வாயுவின் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளை அழித்துவிடும்.

சரி, இதெல்லாம் காகிதக் கணக்கு. ஆகாயத்தில் அப்படி நடக்கிறதா என்று யாராவது நிமிர்ந்து பார்க்க வேண்டுமே? அப்படிப் பார்க்கிறவர்களைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். ஓசோன் கதையில் நோபல் பரிசு வாங்கியவர்களை நமக்குத் தெரியும். குடுவையில் காற்றுப் பிடிக்கிற ஆளை யாருக்கும் தெரியாது.

மேலே உள்ள ஓசோன் முழுவதையும் தரைக்கு இறக்கி, இங்குள்ள அழுத்தத்தில் பரப்பினால் 3 மில்லிமீட்டர் கனம் வரும். வீட்டுத் தோசை அளவு, அவ்வளவுதான். இதைக் கீழே நின்றுகொண்டு அளக்க வழி கண்டவர் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த டாப்சன். சூரிய ஒளியில் ஓசோன் அதிகம் விழுங்கும் நிறம் ஒன்று, அதிகம் விழுங்காத நிறம் ஒன்று. தரைக்கு வந்து சேரும்போது இரண்டும் என்ன விகிதத்தில் இருக்கின்றன என்று பார்த்தார். இருபதுகளின் கடைசியில் தம் கருவிகளை உலகத்தின் பல மூலைகளுக்கு அனுப்பினார். அதில் ஒன்று வந்து இறங்கிய இடம் நம் கொடைக்கானல். நம் பக்கம் ஓசோன் குறைவு, துருவங்களை நோக்கிப் போகப் போக அதிகம் என்ற வரைபடம் உருவானதில் கொடைக்கானல் மலைக்கும் பங்கு உண்டு. அப்புறம் அறுபதுகளில், பலூனில் கட்டிப் பறக்கவிடும் ஓசோன் கருவியை இந்தியாவிலேயே உருவாக்கியவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த அன்னா மாணி.

அண்டார்டிகாவின் ஹேலி நிலையத்தில் பிரிட்டிஷ்காரர்கள் ஐம்பதுகளிலிருந்து அளந்து வந்தார்கள். அக்டோபர் மாதத்தில் 300 டாப்சன் அலகு, அதாவது நான் சொன்ன அந்த 3 மில்லிமீட்டர், இருந்த இடத்தில், எண்பதுகளின் நடுவில் 200-ஐ ஒட்டி நின்றது. கருவிதான் கெட்டுவிட்டது என்று முதலில் நினைத்தார்கள். புதுக் கருவி கொண்டுபோனார்கள். அதுவும் அதையே காட்டியது. 1985 மே மாதம் ஃபார்மன், கார்டினர், ஷாங்ளின் மூவரும் வெளியிட்டார்கள். நாசாவின் செயற்கைக்கோளும் இதைப் பார்த்திருந்தது. கம்ப்யூட்டர் அந்த எண்களைத் தூக்கி எறிந்துவிட்டது என்று ஒரு கதை உலவுகிறது, நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். எறியவில்லை. இவ்வளவு குறைவாக இருக்காது என்று சந்தேகக் குறி போட்டு ஒதுக்கி வைத்திருந்தது. அடுத்த இரண்டே ஆண்டில், 1987 செப்டம்பர் 16 அன்று, மாண்ட்ரீல் ஒப்பந்தம் கையெழுத்தானது. படிப்படியாகக் குறைத்து, 2010-க்குள் வளரும் நாடுகளும் இந்த கேஸ் தயாரிப்பதை நிறுத்த வேண்டும் என்று ஆனது.

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதற்குப் பிறகு வருகிறது. சட்டம் போட்டாகிவிட்டது, எல்லா நாடும் ஒப்புக்கொண்டாகிவிட்டது, இனி எதற்கு அளந்துகொண்டிருக்க வேண்டும்?

அமெரிக்காவின் கடல், வளிமண்டல நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டீபன் மாண்ட்ஸ்காவின் குழு விடாமல் அளந்தது. ஹவாயின் மௌனா லோவா எரிமலை மாதிரியான ஒதுக்கமான இடங்களில் குடுவைகளில் காற்றைப் பிடித்து, கொலராடோவுக்கு அனுப்பிச் சோதிப்பார்கள். குளோரோ புளோரோ கார்பனில் சிஎஃப்சி-11 என்ற வகை, ஒரு லட்சம் கோடி மூலக்கூறுக்குச் சுமார் 230 என்ற அளவில் காற்றில் இருந்தது. வருடா வருடம் ஒரே சீராகக் குறைந்துகொண்டு வந்தது, 2012 வாக்கில் சுணங்கியது. ஏறவில்லை, கவனியுங்கள். குறைய வேண்டிய வேகத்தில் பாதிதான் குறைந்தது. எல்லாரும் தயாரிப்பை நிறுத்தியிருந்தால் இது நடக்கக் கூடாது. பழைய கட்டடங்களை இடிக்கும்போது, வெப்பம் புகாமல் இருக்க அவற்றில் வைத்த ஃபோமிலிருந்து கசிகிறதா, மேல்மட்டக் காற்றோட்டம் மாறிவிட்டதா என்றெல்லாம் குடைந்து பார்த்தார்கள். தென்பாதிக் காற்றைவிட வடபாதிக் காற்றில் அது கூடுதலாகத் தேங்கியிருந்தது. கிழக்கு ஆசியப் பக்கமிருந்து வரும் வேறு சில தொழிற்சாலை வாயுக்களும் அதோடு சேர்ந்தே வந்தன. ஆக, கிழக்கு ஆசியாவில் எங்கோ புதிதாகத் தயாரிக்கிறார்கள். ஆண்டுக்குச் சுமார் 13,000 டன் கூடுதல் என்று 2018-ல் வெளியிட்டார்கள்.

எங்கோ என்றால் எங்கே? தென்கொரியாவின் ஜேஜு தீவில் கோசான், ஜப்பானின் ஹதெருமா தீவு இரண்டிலும் நாள் முழுக்கக் காற்றைச் சோதிக்கும் நிலையங்கள் உண்டு. சீனப் பக்கமிருந்து காற்று வீசும்போதெல்லாம் கோசானில் அளவு எகிறியது. காற்று வந்த வழியைக் கணினியில் பின்னோக்கி ஓட்டிப் பார்த்து, ஷாண்டோங், ஹெபெய் மாகாணங்களின் பக்கம் விரலை நீட்டினார்கள். இதற்குள் ஒரு தன்னார்வ அமைப்பினர் சீனாவில் தொழிற்சாலை தொழிற்சாலையாக விசாரித்து, ஃபோம் செய்கிறவர்கள் பலர் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லிவிட்டார்கள். காரணம் பெரிய சதி எதுவும் இல்லை, விலை மலிவு. சீன அரசு சோதனையில் இறங்கியது. 2019-க்குள் அந்தக் கூடுதல் பெரும்பாலும் மறைந்தது. மறைந்ததையும் அதே கருவிகள்தான் காட்டின.

இப்போதைய மதிப்பீட்டின்படி, அண்டார்டிகாவின் மேல் ஓசோன் 1980-ல் இருந்த நிலைக்குத் திரும்ப 2066 வாக்கில் ஆகும். மற்ற பெரும்பாலான இடங்களில் 2040. நான் பார்க்க மாட்டேன், என் பேத்தி பார்ப்பாள்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. கிழக்குச் சீனாவில் கண்டுபிடித்தது அந்தக் கூடுதலில் ஏறக்குறையப் பாதி. மீதியை எந்த ஊர்க்காரர் விட்டார் என்று உறுதியாகச் சொல்ல ஆளில்லை. கோசான் போல நாள் முழுக்கக் காற்றை முகர்ந்து பார்க்கும் நிலையங்கள் உலகில் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அவை எட்டிப் பார்க்காத நிலப்பரப்பு ஏராளம். அங்கே யாராவது ஒரு வால்வைத் திறந்து விட்டால், எங்கள் மெக்கானிக் சொன்ன மாதிரி, காத்தோட போயிருக்கும்.

நன்றி, வணக்கம்.