லக்சர் மேற்குக் கரையில் ஒரு பகல்

நேயர்களுக்கு வணக்கம்.

எகிப்தின் லக்சர் நகரம் நைல் ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கிறது. பாரோக்கள் எனப்படும் பழங்கால அரசர்களின் கல்லறைகள் எதிர்க்கரையில். பொழுது சாயும் திசை இறந்தோருக்கு உரியது என்பது அந்தக் கால நம்பிக்கை. மேற்குக் கரையின் முக்கிய இடங்களை ஒரே பகலில் பார்த்துவிடலாம். ஆனால் காலை ஆறு மணிக்கே, அந்தக் கல்லறைகள் உள்ள அரசர்களின் பள்ளத்தாக்கின் வாசலில் நிற்க வேண்டும். எட்டு மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வரிசை கட்டும், வெயிலும் ஏறிவிடும். கோடையில் 40 டிகிரியைத் தாண்டுவது அங்கே சாதாரணம்.

லக்சர் கோயிலுக்கு எதிரே உள்ள துறையில் உள்ளூர்க்காரர்கள் போகும் படகில் ஏறுங்கள். பாலம் தெற்கே வெகுதூரம் தள்ளி இருப்பதால் காரில் போனால் சுற்று. அக்கரையில் டாக்சி பேசும்போது எந்தெந்த இடம், காத்திருப்புக் கூலி சேர்த்தா என்பதை ஏறுவதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். நுழைவுச் சீட்டுக்கு வங்கி அட்டை கட்டாயம் வேண்டும். ரொக்கத்தை மட்டும் நம்பிப் போய்த் திரும்பியவர்கள் உண்டு.

பள்ளத்தாக்கின் பொதுச் சீட்டில் மூன்று கல்லறைகள்தான் பார்க்கலாம். ஒவ்வொரு வாசலிலும் காவலர் சீட்டில் ஓட்டை போடுவார். முதலில் கண்ணில் பட்ட மூன்றில் நுழைந்துவிட்டுப் பிறகு வருந்துகிறவர்களே அதிகம். எவை திறந்திருக்கும் என்பது அவ்வப்போது மாறும். நுழைவாயில் பலகையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நான்காம் ராம்சேஸ் கல்லறை ஏற்றது: அகலமான, சரிவு குறைந்த பாதை. சுவரில் பழங்காலப் பயணிகள் கிரேக்கத்தில் கிறுக்கிய பெயர்களும் இருக்கின்றன. பொது இடத்தில் பேர் எழுதும் பழக்கம் நேற்று வந்ததல்ல! மூன்றாம் ராம்சேஸ் கல்லறையை விடாதீர்கள். நேராகப் போகும் சுரங்கம் ஓரிடத்தில் சட்டென்று வலப்புறம் விலகும். குடைந்துகொண்டே போனவர்கள் பக்கத்தில் ஏற்கெனவே இருந்த அமென்மெஸ்ஸே என்ற பாரோவின் கல்லறைக்குள் இடித்துவிட்டார்கள். அதனால் பாதையைத் தள்ளி வெட்டியிருக்கிறார்கள். யாழ் மீட்டும் இருவரின் ஓவியம் அங்குள்ள பக்க அறை ஒன்றில் இருக்கிறது.

மூன்றாவதாக, மூன்றாம் துத்மோசிஸ். பாறை இடுக்கில் படியேறி, பிறகு செங்குத்தாக இறங்க வேண்டும். அடியில் முட்டை வடிவ அறை. பாப்பிரஸ் என்ற நாணல் தாள் சுருளை விரித்து ஒட்டியதுபோலச் சுவரெங்கும் குச்சி மனித உருவங்கள். காற்றோட்டம் குறைவு. ஆஸ்துமாவோ இதய நோயோ உள்ளவர்கள் தவிர்த்துவிடலாம்.

புதையலால் புகழ்பெற்ற பாரோ துட்டன்காமனின் கல்லறைக்குத் தனிச் சீட்டு. கல்லறை சிறியது, ஓவியம் ஒரே அறையில், புதையலோ கெய்ரோவை ஒட்டிய கீசாவில். அந்தப் பணத்தில் ஐந்தாம், ஆறாம் ராம்சேஸ் கல்லறைக்குச் சீட்டு வாங்கலாம் என்பது என் கருத்து. மாலையில் சூரியனை விழுங்கி விடியலில் ஈன்றெடுக்கும் வான தேவி நூத், அங்கே கூரை முழுக்க நீண்டு கிடக்கிறாள்.

உள்ளே சுவரில் பையோ தோளோ உரசக் கூடாது. மூச்சிலும் வியர்வையிலும் வரும் ஈரம் சுண்ணாம்புக் கல்லுக்குள் இருக்கும் உப்பை வெளியே இழுக்கிறது. உப்பு பூக்கும்போது வண்ணம் செதிலாக உதிர்கிறது. கயிற்றுக்கு அப்பால் வரும்படி யாராவது சைகை காட்டினால் அது பக்‌ஷீஷுக்கான அழைப்பு, அதாவது இனாம் கேட்பது. 'லா, ஷுக்ரன்' (வேண்டாம், நன்றி) என்று சொல்லி நகருங்கள்.

ஒன்பது மணிக்குள் பெண் பாரோ ஹட்ஷெப்சுட்டின் கோயில். பின்னால் உள்ள செங்குத்துப் பாறை வெப்பத்தை அப்படியே திருப்பி அடிக்கும், நிழல் குறைவு. நடு அடுக்கின் இடப்பக்க மண்டபத்தில், புண்ட் என்ற பழங்கால நாட்டிலிருந்து சாம்பிராணி மரங்களை வேரோடு கூடையில் வைத்துத் தூக்கி வரும் காட்சியைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுங்கள்.

கடைசியாக மெதினத் ஹபு, மூன்றாம் ராம்சேஸின் நினைவுக் கோயில். இதற்கான சீட்டை மெம்னோன் சிலைகள் எனப்படும் இரண்டு பிரம்மாண்டக் கற்சிலைகளைத் தாண்டி வரும் சந்திப்பில் உள்ள தொல்பொருள் அலுவலகத்திலேயே வாங்கிக்கொண்டு போங்கள். எதிரிகளின் வெட்டிய கைகளைக் குவித்து எழுத்தர்கள் எண்ணும் காட்சி அங்கே சுவரில் இருக்கிறது. எழுத்துகளின் பள்ளத்தில் விரல்கள் முழுசாகப் புதையும் அளவுக்கு ஆழம். ஆனால் தொட்டுப் பார்க்காதீர்கள். இரண்டாம் முற்றத்தில் தூண்களுக்கு மேலே, உத்தரத்தின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள். வெயிலும் மழையும் படாத அந்த இடத்தில் நீலமும் சிவப்பும் இன்னும் அழியாமல் இருக்கின்றன.

வணக்கம்.