தள்ளிவைத்த கூலி

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

எழுதி முடித்த எழுத்துக்காக எழுத்தாளருக்குத் தொடர்ந்து பணம் தர வேண்டுமா என்பது கேள்வி. தரத்தான் வேண்டும் என்கிறது எங்கள் அணி.

எதிரணி நண்பர் கேட்டார்: "கொத்தனார் வீடு கட்டினார், கூலி வாங்கினார், போய்விட்டார். குடியிருப்பவரிடம் மாதாமாதம் வந்து நிற்கிறாரா?" கைதட்டலும் பலமாக இருந்தது. சரி, அந்தக் கொத்தனாருக்குக் கூலி அன்றன்றைக்குக் கைக்கு வந்துவிடுகிறது. வீடு விலைபோகுமா என்ற கவலை அவருக்கு இல்லை. இரண்டு வருடம் உட்கார்ந்து ஒருவர் நாவல் எழுதுகிறாரே, அந்த இரண்டு வருடத்துக்கு யார் கூலி கொடுத்தார்கள்? விற்றால்தான் ஒரு பங்கு; அதுதான் ராயல்டி. ராயல்டி கணக்குத் தாளைப் பாருங்கள்: விற்ற பிரதிகள், கடையிலிருந்து திரும்பி வந்தவை, அப்புறம் பதிப்பாளர் முன்கூட்டிக் கொடுத்த முன்பணத்தின் கழிவு. முன்பணம் முழுக்கக் கழியும்வரை தாளின் கடைசிக் கட்டத்தில் பூஜ்யம்தான் இருக்கும். இதைப் போய்ச் சும்மா வருகிற காசு என்கிறார்கள். தள்ளிவைத்த கூலி ஐயா இது!

"மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொள்ளட்டுமே" என்றார் இன்னொருவர். ஆங்கிலக் கவிஞர் மில்டன் கண்பார்வை போன பிறகு, தான் சொல்லச் சொல்லப் பிறர் எழுத, ஒரு காவியம் படைத்தார். 'பாரடைஸ் லாஸ்ட்'. 1667-இல் பதிப்பாளர் கொடுத்தது 5 பவுண்டு. 1,300 பிரதிகள் விற்ற பின் இன்னொரு 5. மில்டன் இறந்த பிறகு, 1680-இல், மிச்ச உரிமையை அவர் மனைவி 8 பவுண்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். ஆக மொத்தம் 18 பவுண்டு. இன்றுவரை அச்சாகிக்கொண்டிருக்கிற நூல் அது! எழுதிய அன்றைக்கே ஒரு படைப்பின் விலை யாருக்குத் தெரியும்?

கொள்ளுப்பேரன் வரைக்கும் பணம் போக வேண்டுமா என்றால் எனக்கும் தயக்கம் உண்டு. நான் பேசுவது எழுதியவரைப் பற்றி.

நூலகத்தில் இரவல் போகும் புத்தகத்துக்குக்கூட எழுத்தாளருக்குப் பணம் தர டென்மார்க் 1946-லேயே சட்டம் செய்தது. ஹாலிவுட் எழுத்தாளர்கள் 2023-இல் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஸ்ட்ரீமிங்கில் ஒரு தொடரை எத்தனை பேர் பார்த்தாலும் எழுதியவருக்கு வரும் தொகை கூடுவதில்லை என்பது அவர்களுடைய முக்கியமான குறை. முடிவில், பலர் பார்த்த தொடருக்குக் கூடுதல் தொகை என்பது ஒப்பந்தத்தில் ஏறியது.

எதிரணியிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பழைய படைப்பு இன்றைக்கும் விற்கிறது, பணம் யார் பைக்கோ போகத்தான் செய்கிறது. எழுதியவருக்குப் போகக்கூடாது என்றால், வேறு யாருக்குப் போக வேண்டும்? பெயரைச் சொல்லுங்கள்.