கௌபாய் இல்லாத மாட்டுப் பண்ணை: ஐசக் ஃபங்க் குடும்பம்

சரி, அடுத்த கேள்வி. "அமெரிக்காவில் மாடு வளர்த்தவர்கள் என்றாலே கௌபாய்தான் நினைவுக்கு வருகிறது. இல்லினாய், ஒஹையோ பக்கத்து மாட்டுப் பண்ணையாளர்களும் அப்படித்தானா? அவர்கள் குடும்பம் எப்படி வாழ்ந்தது?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

பொதுவாகப் பேசினால் ஒன்றும் பிடிபடாது. அதனால் ஒரே ஒரு ஆளை எடுத்துக்கொள்கிறேன். இல்லினாய் மாநிலத்து மாட்டுப் பண்ணையாளர் ஐசக் ஃபங்க். 1797-இல் கென்டக்கியில் பிறந்தவர். சிறுவனாக இருக்கும்போதே குடும்பம் ஒஹையோவுக்குப் போய்விட்டது. 1824-இல் சகோதரர் ஆப்சலமோடு சேர்ந்து இல்லினாய்க்கு வந்தார். புளூமிங்டன் நகருக்குத் தென்மேற்கே அவர்கள் தங்கிய தோப்புக்கு இன்றைக்கும் ஃபங்க்ஸ் குரோவ் என்றுதான் பெயர்.

அந்த ஊர்ப்பக்கம் ஆள் உயரத்துக்குப் புல் வளர்கிற வெட்டவெளி. நடுநடுவே மரத்தோப்புகள். வந்தவர்கள் எல்லாம் தோப்பை ஒட்டித்தான் வீடு போட்டார்கள். விறகும் தண்ணீரும் அங்கேதான், பனிக்காற்றுக்கு மறைப்பும் அங்கேதான். யாரும் இல்லாத நிலம் என்று சிலர் எழுதுவார்கள், அது பொய். கிக்கபூ பழங்குடி மக்களின் நிலம் அது. 1819-இல் ஒப்பந்தம் போட்டு அவர்களிடமிருந்து எழுதி வாங்கினார்கள். ஐந்து வருடத்தில் ஃபங்க் வந்துவிட்டார்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். மாட்டை ஏன் பிடித்துக்கொண்டார்? மண் நல்ல மண், மக்காச்சோளம் கொட்டும். ஆனால் விற்க வழியில்லை. ரயில் கிடையாது. சேற்றுப் பாதையில் வண்டி கட்டிச் சோளத்தைச் சந்தைக்குக் கொண்டுபோனால் கூலிக்கே கட்டாது. மாட்டுக்குப் போட்டுவிட்டால் சோளம் தானே நாலு காலில் நடந்து சந்தைக்குப் போய்விடும். மொத்தத் தொழிலும் இந்தக் கணக்கில்தான் நின்றது.

கோடையில் மாடு புல்வெளியில் மேயும். குளிர்காலத்தில் தட்டையோடு அறுத்துக் கட்டி வைத்த சோளத்தை அப்படியே வயலில் போடுவார்கள். மாடு தின்று போன இடத்தில் பன்றிகளை விடுவார்கள். மாட்டுக்குச் செரிக்காமல் சாணத்தில் வருகிற சோளத்தையும் சிந்திக் கிடப்பதையும் பன்றி பொறுக்கித் தின்னும். ஒரே தீவனத்தில் இரண்டு வருமானம். கௌபாய்க்கும் இவருக்கும் வித்தியாசம் இங்கேதான். டெக்சாஸ் மாடு பெரும்பாலும் புல்லைத் தின்றே வளர்ந்தது. இங்கே சோளம் போட்டுக் கொழுக்க வைத்தார்கள். அதாவது ஃபங்க் பாதி விவசாயி, பாதி வியாபாரி.

கொழுத்த மாட்டைச் சிகாகோவுக்கு ஓட்டிப் போக வேண்டும். கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர். விரட்டினால் எடை இறங்கிவிடும், எடை இறங்கினால் காசு போச்சு. அதனால் ஒரு நாளைக்கு இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்னே பின்னேதான் ஓட்டுவார்கள். வழியில் ஆறு குறுக்கிட்டால் நீந்தவிட வேண்டும். 1853-இல் புளூமிங்டனுக்கு ரயில் வந்த பிறகுதான் இந்த அலைச்சல் குறைந்தது.

வந்த லாபத்தில் மனிதர் நிலமாக வாங்கிக் குவித்தார். அரசாங்க நிலம் ஏக்கர் ஒன்றேகால் டாலருக்குக் கிடைத்த காலம். கடைசியில் சுமார் 25,000 ஏக்கர் சேர்ந்தது, நூறு சதுர கிலோமீட்டர்!

குடும்பம் என்று பார்த்தால், 1826-இல் கசாண்ட்ரா ஷார்ப் என்பவரை மணந்தார். நிறையப் பிள்ளைகள், பெரும்பாலும் பையன்கள். மாடு ஓட்டவும் வேலி போடவும் கையோடு ஆள் இருந்தது. பாராட்டெல்லாம் ஐசக்குக்குத்தான் போகும். ஆனால் அந்தக் காலத்துப் பண்ணை வீட்டில் பால், வெண்ணெய், கொழுப்பு உருக்கி மெழுகுவத்தி, துணி, வேலையாட்களுக்குச் சமையல் எல்லாம் பெண்கள் தலையில்தான். கசாண்ட்ரா இல்லாமல் அந்த 25,000 ஏக்கர் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

அப்புறம் அரசியல். அமெரிக்காவில் வடமாநிலங்களும் தென்மாநிலங்களும் மோதிய உள்நாட்டுப் போர்க் காலத்தில் ஐசக் மாநில செனட்டர், அதாவது சட்டமன்ற மேலவை உறுப்பினர். 1863 பிப்ரவரியில், போரை எதிர்த்த உறுப்பினர்கள் காயம்பட்ட சிப்பாய்களுக்கான நிதியை இழுத்தடித்தார்கள். அறுபத்தைந்து வயது மனிதர் எழுந்து, மேசையைக் குத்தி, நீங்களெல்லாம் துரோகிகள், யார் வேண்டுமானாலும் வாருங்கள், நேருக்கு நேர் மோதத் தயார் என்று கத்தினார். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத மாட்டு வியாபாரி பேசிய பேச்சு வடமாநிலப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது.

1865 ஜனவரி 29-இல் இறந்தார். சில மணி நேரத்தில் கசாண்ட்ராவும் போய்விட்டார். நிலம் பிள்ளைகளுக்குள் பிரிந்தது. மகன் பெஞ்சமின் புளூமிங்டன் மேயராகவும் பிறகு காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் உறுப்பினராகவும் ஆனார். பெஞ்சமின் மகன் ஃபிராங்க்கும் காங்கிரஸுக்குப் போனார். இன்னொரு பேரன் யூஜின் 1901-இல் ஃபங்க் பிரதர்ஸ் விதை நிறுவனத்தைத் தொடங்கி, வீரிய மக்காச்சோள விதையில் பெயர் வாங்கினார். தாத்தா சோளத்தை மாட்டுக்குப் போட்டுக் காசாக்கினார், பேரன் விதையாகவே விற்றார்.

கேட்டவர் அந்தப் பக்கம் போக வாய்ப்பிருந்தால், ஃபங்க்ஸ் குரோவ், சிகாகோவிலிருந்து மேற்கே போன புகழ்பெற்ற பழைய ரூட் 66 நெடுஞ்சாலையை ஒட்டிய இடம். ஃபங்க் வம்சத்தார் தோப்பு மேப்பிள் மரங்களில் சாறு இறக்கிப் பாகு காய்ச்சி விற்கிறார்கள், வாங்கிப் பாருங்கள். சரி, அடுத்த கேள்விக்குப் போகலாம்.