பாயசத்தில் இனிப்பு எப்போது விழ வேண்டும்? கொங்கு வீட்டு அடுப்பில் அரிசிப் பாயசம்

[திரையில்: அடி கனத்த பாத்திரத்தில் பால் மெல்லக் கொதிக்கிறது. பக்கத்தில் ஒரு கிண்ணம் பச்சரிசி, ஒரு கிண்ணம் சர்க்கரை, வாழை இலையில் கரும்பழுப்பு வெல்லம்.]

பால், அரிசி, இனிப்பு. மூன்றே பொருள்தான். ஆனாலும் ஒரு வீட்டுப் பாயசத்தில் அரிசி அடியிலும் பால் மேலுமாகப் பிரிந்து நிற்கிறது. இன்னொரு வீட்டில் அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் கரண்டி நட்டுக்கொண்டு நிற்கிறது. வெல்லம் போட்ட வீட்டிலோ பால் திரிந்து, பாயசம் வைக்கப் போய் பன்னீர் செய்த கதையாகிவிடுகிறது.

இந்தக் கோளாறுகளில் பாதிக்குமேல் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. இனிப்பு சீக்கிரமே பாத்திரத்தில் விழுந்துவிடுகிறது. சர்க்கரைக்கு ஒரு நேரம் உண்டு, வெல்லத்துக்கு வேறொரு நேரம் உண்டு. இந்த வீடியோ பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

[திரையில்: பச்சரிசியும் புழுங்கலரிசியும் அருகருகே. கேமரா நெருங்குகிறது.]

முதலில் அரிசி. கொங்குப் பக்கம் அன்றாடச் சோற்றுக்குப் புழுங்கலரிசிதான் அதிகம். அதையே எடுத்துப் பாயசத்தில் போடாதீர்கள். புழுங்கல் என்பது நெல்லாக இருக்கும்போதே ஊறவைத்து, அவித்து, காயவைத்து அரைத்தது. அதன் மாவுச்சத்து ஒருமுறை வெந்து இறுகிவிட்டது. திரும்ப எவ்வளவு வேகவைத்தாலும் பருக்கை பருக்கையாகத்தான் நிற்கும், பாலுக்குள் எதையும் சுலபத்தில் விட்டுக்கொடுக்காது. பாயசத்துக்குப் பச்சரிசி வேண்டும். அதிலும் புது அரிசி கிடைத்தால் இன்னும் நல்லது. சோற்றுக்குப் பழைய அரிசியைத் தேடுகிறோம், உதிரியாக வரும் என்பதற்காக. இங்கே நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். குழைந்து போக வேண்டும். கோபிசெட்டிபாளையத்தைச் சுற்றி, கொடிவேரி அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் பாயும் ஊர்களில் உறவினர் யாராவது இருந்தால், அறுவடை முடிந்ததும் இரண்டு கிலோ பச்சரிசி கேட்டு வாங்கி வையுங்கள். சீரகச் சம்பா இருந்தால் வாசனைக்குக் குறைவிருக்காது.

முழு அரிசியாகவே போட வேண்டும் என்றும் இல்லை. கழுவி, நிழலில் துணியில் பரப்பி ஈரம் போனபின் மிக்சியில் ஒரே ஒரு சுற்று விட்டு நொய்யாக்கிக்கொள்ளலாம். நொய் சீக்கிரம் வேகும், பாலும் தானாகக் கெட்டிப்படும். என் கை எப்போதும் நொய்ப் பக்கமே போகிறது.

அளவு: ஒரு லிட்டர் பாலுக்கு 60 கிராம் அரிசி. தராசு இல்லாதவர்களுக்கு, 150 மில்லி பிடிக்கும் காபி டம்ளரில் பாதி. இவ்வளவுதானா என்று தோன்றும். இன்னொரு பிடி போட்டால் நிறைவாக இருக்குமே என்று கை பரபரக்கும். போட்டால் கிடைப்பது பால் பொங்கல். அதுவும் நல்ல பண்டம்தான், ஆனால் டம்ளரில் ஊற்றிக் குடிக்க முடியாது.

[திரையில்: மூன்று நிறப் பால் பாக்கெட்டுகள், ஒரு தூக்குப் போசி.]

அடுத்து பால். ஆவின் பாக்கெட் என்றால் ஆரஞ்சு நிறம், அதாவது 6 சதவீதக் கொழுப்புள்ள நிறைகொழுப்புப் பால். பச்சை பாக்கெட்டில் 4.5 சதவீதம், அதிலும் செய்யலாம், கொஞ்சம் கூடுதல் நேரம் சுண்ட வேண்டும். நீலத்தில் 3 சதவீதம்தான், அதைக் காபிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சொசைட்டிக்கு ஊற்றுவதற்கு முன்பே வீட்டுக்குக் கொஞ்சம் எடுத்துவைக்கும் குடும்பமாக இருந்தால் உங்களுக்கு நான் பால் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. எருமைப்பாலாக இருந்தால் அரிசியை 50 கிராமாகக் குறைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவே.

[திரையில்: பாத்திரத்தில் கால் டம்ளர் தண்ணீர் ஊற்றிச் சுழற்றுவது. பின் பால்.]

பாலை ஊற்றுவதற்கு முன் பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அடி முழுவதும் நனையச் சுழற்றுங்கள். பால் அடிபிடிப்பது ஓரளவு குறையும். பால் ஒரு கொதி வந்ததும் அடுப்பைச் சிறிதாக்கி, கழுவிய அரிசியைத் தூவிக் கிளறுங்கள். முதல் பத்து நிமிடம் கரண்டியைக் கீழே வைக்காதீர்கள். அரிசி அடியில் படிந்து ஒட்டுவது அந்த நேரத்தில்தான். பிறகு மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை அடிவரை துழாவினால் போதும். மேலே படியும் ஏட்டை ஒதுக்காமல் உள்ளேயே கலந்துவிடுங்கள்.

இப்போது பாத்திரத்துக்குள் என்ன நடக்கிறது? அரிசியின் மாவுச்சத்து சுமார் 65 முதல் 80 டிகிரி வெப்பத்துக்குள் தண்ணீரை உறிஞ்சி உப்பத் தொடங்கும். உப்பிய மாவுச்சத்தில் ஒரு பகுதி பருக்கையை விட்டு வெளியேறிப் பாலில் கரையும். பாயசத்தைக் கெட்டியாக்குவது அதுதான். பால் சுண்டுவதும் உதவுகிறது, ஆனால் பாலையும் அரிசியையும் சேர்த்துப் பிடிப்பது இந்த மாவுச்சத்து. இதற்கு அரிசிக்குத் தண்ணீர் தாராளமாகக் கிடைக்க வேண்டும்.

சர்க்கரை அங்கேதான் குறுக்கே வருகிறது. சர்க்கரைக்குத் தண்ணீர் மேல் தீராத ஆசை. அரிசி வேகும் முன்னமே அதைக் கொட்டினால், பாலில் இருக்கும் தண்ணீரைத் தன்பக்கம் பிடித்துவைத்துக்கொள்ளும். மாவுச்சத்து உப்புவதற்கு இன்னும் அதிக வெப்பமும் நேரமும் தேவைப்படும். அரிசி விறைத்துக்கொள்ளும். நீங்களும் கிளறிக்கொண்டே இருப்பீர்கள், பால்தான் குறையும், அரிசி நடுவில் கடுக்கென்றே இருக்கும்.

ஆகவே சோதனை இதுதான். ஒரு பருக்கையை எடுத்து விரலுக்கிடையில் நசுக்குங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி எதுவும் இல்லாமல் களிம்பாக மசிந்தால், சர்க்கரை போடலாம். நொய்யாக இருந்தால் அரை மணி நேரத்தை ஒட்டியும், முழு அரிசியாக இருந்தால் முக்கால் மணி நேரத்தை ஒட்டியும் அந்தப் பதம் வரும். ஒரு லிட்டர் பாலுக்கு 100 முதல் 120 கிராம் சர்க்கரை. போட்டதும் பாயசம் திடீரென இளகும், பயப்பட வேண்டாம், சர்க்கரை கரைந்ததால் வந்த இளக்கம் அது. இன்னும் ஐந்து நிமிடம் சிறு தீயில் வைத்து இறக்குங்கள்.

இறக்கும்போது, இது இன்னும் கொஞ்சம் கெட்டியாக இருக்கலாமே என்று தோன்றும் பதத்தில் இறக்குங்கள். ஆறும்போது மாவுச்சத்து மறுபடி இறுகும். அடுப்பிலேயே சரியான பதத்துக்கு வந்த பாயசம் பந்தியில் கட்டியாகத்தான் விழும்.

[திரையில்: சிறு இரும்புச் சட்டியில் நெய், முந்திரி பொன்னிறமாகிறது.]

தாளிப்பு பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஊத்துக்குளி வெண்ணெய் வாங்கி உருக்கிய நெய் வீட்டில் இருந்தால் இரண்டு கரண்டி. முந்திரி, உலர்திராட்சை, நான்கு ஏலக்காய். ஏலக்காயைக் கடைசியில் தட்டிப் போடுங்கள், கொதிக்கவிட்டால் மணம் பறந்துவிடும்.

கெட்டியாக வருவதற்கு ஒரு பிடி ஜவ்வரிசி போடும் பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. சேலத்துக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், ஜவ்வரிசிப் பாயசம் தனி ருசி, அதற்குத் தனி வீடியோவே போடலாம். அரிசிப் பாயசத்தில் அது வந்தால் அரிசி தன் வேலையைச் செய்யவில்லை என்று அர்த்தம். டின் பாலும் அப்படித்தான்.

[திரையில்: குக்கர். மூடியில்லாமல், பால் பாதிக்கும் கீழே நிற்பது தெரிகிறது.]

இவ்வளவு நேரம் அடுப்படியில் நிற்க முடியாது என்பவர்களுக்குக் குக்கர் இருக்கிறது. ஐந்து லிட்டர் குக்கரில் ஒரு லிட்டர் பால், ஒரு டம்ளர் தண்ணீர், அரிசி. பாதிக்கு மேல் நிரப்பவே கூடாது. பால் பொங்கி வெயிட் துளையை அடைத்தால் ஆபத்து. அடியில் ஒரு சின்ன எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்துப் போடுவார்கள், அடி பிடிக்காமல் இருக்க. மிகச் சிறிய தீயில் அரை மணி நேரம். அடுப்பை அணைத்து, அழுத்தம் தானாக இறங்கியபிறகுதான் திறக்க வேண்டும்.

குக்கர் முறையில் மட்டும் சர்க்கரையை முதலிலேயே போட்டாலும் தப்பிக்கலாம். உள்ளே வெப்பம் 120 டிகிரியை ஒட்டிப் போவதால், சர்க்கரையின் தடையை மீறி அரிசி வெந்துவிடும். பாலின் புரதமும் பாலிலேயே இருக்கும் சர்க்கரையும் அந்த வெப்பத்தில் வினைபுரிவதால் மெல்லிய ரோஜா நிறம் வரும். கல்யாணப் பந்திகளில் பார்க்கும் நிறம். சிலர் அதற்கும் கலர்பொடி போடுகிறார்கள், எதற்கென்று தெரியவில்லை.

[திரையில்: வெல்ல உருண்டைகள். ஒன்று வெளிர்மஞ்சள், ஒன்று கரும்பழுப்பு.]

இனி வெல்லம். நம் ஊரில் இதைப் பேசாமல் பாயசம் பேச முடியாது. சித்தோடும் கவுந்தப்பாடியும் பக்கத்திலேயே இருக்கின்றன. பழனி பஞ்சாமிர்தத்துக்குக் கோயில் நிர்வாகம் நாட்டுச் சர்க்கரை வாங்குவது கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில்தான். இவ்வளவு நல்ல சரக்கு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, கடையில் வெளிர்மஞ்சளாகப் பளபளக்கும் வெல்லத்தை எடுக்காதீர்கள். நிறத்தை வெளுக்க ஹைட்ரோஸ் என்னும் சோடியம் ஹைட்ரோசல்பைட்டைச் சேர்க்கும் ஆலைகள் உண்டு. கறுத்த வெல்லம் பார்க்கச் சுமாராக இருக்கும், பாயசத்தில் மணக்கும்.

வெல்லம் பாலைத் திரியவைப்பது ஏன்? அதில் கொஞ்சம் அமிலமும் தாது உப்புகளும் இருக்கின்றன. குளிர்ந்த பால் அந்த அளவைத் தாங்கிக்கொள்ளும். கொதிக்கும் பாலின் புரதத்தால் அது முடியாது, உடனே கூடித் திரண்டுவிடும். ஆகவே வெல்லப் பாயசத்தில் இனிப்பின் நேரம் இன்னும் தள்ளிப் போகிறது: அரிசி வெந்தபின் அல்ல, அடுப்பு அணைந்தபின்.

150 கிராம் வெல்லத்தை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, ஒரு கொதி விட்டு ஆறவையுங்கள். பாயசத்தையும் இறக்கிப் பத்து நிமிடம் வைத்துவிடுங்கள். பிறகு பாகை ஊற்றுவதற்கு முன், ஒரு கிண்ணத்தில் இரண்டு கரண்டி பாயசமும் அரைக் கரண்டி பாகும் கலந்து பாருங்கள். திரியவில்லையென்றால் முழுவதையும் கலக்கலாம். திரிந்தால் அந்த வெல்லம் அன்றைக்குப் பாலுக்கு ஆகாது, சர்க்கரை போட்டு முடித்துவிட்டு வெல்லத்தைக் கச்சாயம் என்னும் நம் பக்கத்து வெல்லப் பலகாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வங்காளத்தில் குளிர்காலத்தில் கோபிந்தபோக் அரிசியில் பாயேஷ் செய்பவர்கள் ஈச்ச வெல்லத்தைச் சேர்ப்பதும் இப்படிப் பாத்திரத்தை இறக்கிய பிறகுதான். கரும்பானாலும் ஈச்ச மரமானாலும் பாலுக்கு முன்னால் ஒரே குணம்.

[திரையில்: தேங்காய்த் துருவல், மூன்று கிண்ணங்களில் மூன்று பால்.]

இந்தத் தொல்லையே வேண்டாமென்றால் மாட்டுப்பாலை விட்டுவிட்டுத் தேங்காய்ப்பாலுக்கு வந்துவிடுங்கள். வெல்லத்துக்குப் பொருத்தமான ஜோடி அதுதான் என்பது என் கட்சி. ஆடி முதல் நாள் காவிரிக்கரை ஊர்களில் தேங்காய் சுட வாங்கியதில் ஒன்று மிஞ்சியிருந்தால் அன்றே செய்துவிடலாம். பொள்ளாச்சித் தேங்காய் பெரியதாக ஒன்று, பச்சரிசி 100 கிராம், வெல்லம் 200 கிராம்.

தேங்காயைத் துருவி அரைத்து மூன்று பால் எடுத்துத் தனித்தனியே வையுங்கள். மூன்றாம் பாலில் அரிசியை வேகவிட்டு, வற்ற வற்ற இரண்டாம் பாலைச் சேருங்கள். இங்கேயும் அரிசி மசிந்தபின்தான் வெல்லப்பாகு. ஆனால் அடுப்பை அணைக்க வேண்டியதில்லை, பாகு ஊற்றி ஐந்து நிமிடம் தாராளமாகக் கொதிக்கலாம். ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் சுக்குப்பொடி. கடைசியாக முதல் பால். அது உள்ளே போனதும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். முதல் பால் தளதளவென்று கொதித்தால் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்.

[திரையில்: குளிர்சாதனப் பெட்டி. கெட்டியான பாயசத்தில் சூடான பால் ஊற்றுவது.]

அடிபிடித்துவிட்டால் கரண்டியால் சுரண்டாதீர்கள். மேலே இருப்பதை அப்படியே வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள், தீய்ந்த வாடை பெரும்பாலும் அடியோடு நின்றுவிடும். ஆறி இறுகிய பாயசத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், காய்ச்சிய சூடான பாலை விட்டு இளக்குங்கள். வெல்லம் சேர்ந்த பால் பாயசத்தை மறுபடி அடுப்பில் ஏற்றினால் திரியும் ஆபத்து மறுபடி வரும். பாத்திரத்தை வெந்நீருக்குள் வைத்துச் சூடாக்குங்கள், இளக்கப் பால் வேண்டுமென்றால் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். வெந்த அரிசியும் பாலும் சேர்ந்த பண்டம் என்பதால் இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியில் வைக்க வேண்டாம். பெட்டியில் வைத்தால் பால் பாயசம் இரண்டு நாள் தாங்கும். தேங்காய்ப்பால் பாயசத்தை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.