விகன் காசினோவுக்குள் வந்த கேமரா

(ஊடக மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

ஊர் அறியாமல் ஒரு கூட்டம் பாடி ஆடிக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றி யாரோ பத்திரிகையில் எழுதிவிடுகிறார். அடுத்த வாரமே வேடிக்கை பார்க்கிறவர்கள் வந்து குவிகிறார்கள், பழைய ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்கிறார்கள். "பேப்பர்காரன் வந்தான், எல்லாம் போச்சு" என்று காலத்துக்கும் ஒரு பேச்சு நிற்கிறது. இந்தத் தொழிலுக்கு வரப்போகிற நீங்களும் இதைக் கேட்கத்தான் போகிறீர்கள். இதில் பாதி உண்மை. மிச்சப் பாதியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அதற்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது இங்கிலாந்தின் வடக்கு ஊர்களில் வளர்ந்த நார்தர்ன் சோல் என்ற நடன இசைக் கூட்டம்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. 1960களின் நடுவில் டெட்ராய்ட் நகரத்து மோட்டவுன் கம்பெனி கறுப்பினப் பாடகர்களின் பாட்டை உலகமெங்கும் விற்றுக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து டெட்ராய்ட்டிலும் சிகாகோவிலும் சின்னச் சின்னக் கம்பெனிகள் அதே துள்ளலில் இசைத் தட்டுகளை அடித்துத் தள்ளின. பெரும்பாலானவை ஓடவில்லை. கிடங்கில் கிடந்து தூசி படிந்தன. அமெரிக்க ரசிகர்கள் ஃபங்க் என்ற வேறு பாணிப் பக்கம் போய்விட்டார்கள். ஓடாமல் போன அந்தத் தட்டுகளைத் தேடிப் பிடித்து, விடிய விடிய அவற்றுக்கு ஆடியவர்கள் மான்செஸ்டர், ஸ்டோக், பிளாக்பூல், விகன் பக்கத்துத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். அநேக இரவுகளில் மேடையில் பாடகர் என்று யாரும் இருக்கமாட்டார். ஒரு டிஜே, பெட்டி நிறைய ஏழு அங்குலத் தட்டுகள், அவ்வளவுதான் கச்சேரி.

அந்தக் கூட்டத்துக்குப் பெயர் வைத்தவரே ஒரு பத்திரிகைக்காரர் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். டேவ் காடின், லண்டன்காரர். கோவென்ட் கார்டனில் 'சோல் சிட்டி' என்று ஒரு ரெக்கார்டு கடை நடத்தினார்; 'புளூஸ் அண்ட் சோல்' இதழில் பத்தியும் எழுதினார். கால்பந்து ஆட்டம் பார்க்க வடக்கிலிருந்து வரும் ரசிகர்கள் அவர் கடைக்குள் நுழைவார்கள். புதிதாக இறங்கிய சரக்கை ஏறெடுத்தும் பார்க்காமல், இரண்டு மூன்று வருடம் பழசான வேகப்பாட்டையே கேட்பார்கள். வடக்கத்திக்காரர்கள் வந்தால் எந்த அலமாரியைக் காட்டவேண்டும் என்று கடைப் பையன்களுக்கு விளங்கவைக்க அவர் புழங்கிய பெயர்தான் நார்தர்ன் சோல். 1970இல் மான்செஸ்டரின் ட்விஸ்டட் வீல் கிளப்புக்கு நேரில் போய்வந்து, பார்த்ததைத் தன் பத்தியில் எழுதினார். கடைக்குள் இருந்த பெயர் நாடு முழுக்கப் போயிற்று. வியாபாரச் சௌகரியத்துக்காக லண்டனில் பிறந்த பெயரைத்தான் இன்றைக்கு வடக்கத்திப் பெரியவர்கள் கையில் பச்சை குத்திக்கொண்டு நிற்கிறார்கள்.

அது மட்டுமில்லை. எந்த ஊரில் எந்த மண்டபத்தில் அடுத்த ஆல்நைட்டர், அதாவது விடிய விடிய ஆட்டம், யாரிடம் என்ன தட்டு விலைக்கு இருக்கிறது, இதெல்லாம் ஒரு ஊர்ப் பையனுக்கு எப்படித் தெரியும்? வாய்மொழியாகக் கொஞ்சம், இதழ்களின் பத்தியிலும் விளம்பரத்திலும் மிச்சம். ஆகவே, "நாங்கள் பாட்டுக்கு இருந்தோம், வெளியிலிருந்து ஊடகம் வந்து புகுந்தது" என்ற கதை ஆரம்பத்திலேயே இடிக்கிறது. உள்ளே இருந்தவர்களுக்கு ஆத்திரம் வந்தது வேறு மாதிரி ஊடகத்தின் மேல். தங்களுக்காக எழுதுகிற சின்ன இதழ் ஒன்று. தங்களை அடுத்தவருக்குக் காட்டுகிற டெலிவிஷன் இன்னொன்று.

விகன் காசினோவுக்கு வருவோம். 1973 செப்டம்பர் 23ஆம் தேதி அதிகாலை இரண்டு மணிக்கு அங்கே முதல் ஆல்நைட்டர் தொடங்கியது. பழைய நடன மண்டபம், மரத் தரை. சாராயம் விற்க அனுமதி கிடையாது. பிள்ளைகள் தோளில் ஒரு பை மாட்டிக்கொண்டு வருவார்கள்; அதற்குள் மாற்றுச் சட்டை, துண்டு, ஒரு டப்பா டால்கம் பவுடர். பவுடரைத் தரையில் தூவினால் தோல் அடி வைத்த ஷூ வழுக்கும், சுழன்று திரும்பலாம், பின்பக்கம் சாய்ந்து விழுந்து கையூன்றி எழலாம். கால் தாராளமாக வீசுவதற்குத்தான் தொளதொள பேண்ட், பெண்களுக்கு வட்டப் பாவாடை. ஜோடி சேர்ந்து ஆடும் வழக்கம் இல்லை. ஒவ்வொருவரும் தனியாக, தன் இடத்தில். காலை எட்டு மணிக்குக் கூட்டம் முடியும். கடைசி மூன்று பாட்டும் எப்போதும் அதே மூன்று: டோபி லெஜெண்ட், ஜிம்மி ராட்கிளிஃப், டீன் பாரிஷ். அவற்றை 'எட்டுக்கு முந்தின மூன்று' என்பார்கள்.

இப்படி ஓரிடம் இருக்கிறது என்று தெரிந்ததும் முதலில் மோப்பம் பிடித்து வந்தது பை என்ற ரெக்கார்டு கம்பெனி. 1968 வாக்கில் வெளிவந்து மறந்துபோன ஒரு கனடா நாட்டு வாத்திய இசைத் தட்டை எடுத்தார்கள். வேகத்தைக் கூட்டி, கால்பந்து மைதானத்து இரைச்சலை மேலே ஒட்டி, 'விகன்ஸ் சோஸன் ஃப்யூ' என்று பெயர் போட்டு 1975இல் வெளியிட்டார்கள். அந்தப் பெயரில் ஒரு குழுவே கிடையாது. பிபிசியின் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' என்ற பாட்டு நிகழ்ச்சியில் யாரைக் காட்டுவது? காசினோவில் ஆடுகிறவர்களையே கூட்டிப்போய் ஆடவிட்டார்கள். தட்டு விற்பனைப் பட்டியலில் முதல் பத்து இடத்துக்குள் வந்துவிட்டது. அதே வருடம் உள்ளூர் வெள்ளைக்காரப் பையன்கள் சிலர் 'விகன்ஸ் ஓவேஷன்' என்ற பெயரில், இன்விடேஷன்ஸ் என்ற அமெரிக்கக் கறுப்பினக் குழுவின் பாட்டைப் பாடி பன்னிரண்டாம் இடம் பிடித்தார்கள். பழைய ஆட்களுக்கு இது மகா அவமானம். இன்றைக்கும் அந்த இரண்டு தட்டையும் எடுத்தால் முகம் சுளிப்பார்கள். அந்தக் கோபம் நியாயமானது என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் டெலிவிஷனைத் திட்டியவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். போய் ஆடியவர்கள் போலி ஆட்டக்காரர்கள் இல்லை, அசல் காசினோ ஆட்கள். அன்று மேடையில் ஆட்டம் மட்டும் அசல், பாட்டு ஒட்டுப்போட்டது.

1977இல் கிரனடா டெலிவிஷனுக்காக டோனி பாமர் என்ற இயக்குநர் காசினோவுக்குள் கேமராவோடு வந்தார். 'திஸ் இங்கிலாந்து' தொடரில் ஒரு பகுதி. இருட்டும் வியர்வையுமாக இருந்த மண்டபத்தில் படப்பிடிப்புக்கான விளக்கைப் போட்டார்கள். பலருக்குப் பிடிக்கவில்லை. ஒளிந்து கிடந்த இடத்தை ஊருக்குக் காட்டிக்கொடுக்கிறார்கள் என்ற பயம் ஒரு பக்கம். வெளிச்சத்தில் ஆட்டமே வேறாகிவிடும் என்ற எரிச்சல் ஒரு பக்கம். பாமர் அந்த ஆட்டத்தோடு ஆலை, சுரங்கம், பழைய விகனின் வறுமை, வயதானவர்களின் நினைவுகள் எல்லாவற்றையும் வெட்டி வெட்டிச் சேர்த்தார். ஒரு நிமிடம் பையன் சுழல்கிறான், அடுத்த நிமிடம் தொழிற்சாலை. வாரம் முழுக்க எந்திரம், சனிக்கிழமை இரவு விடுதலை. பார்த்தவுடன் மனதில் பதிகிற படம்.

அன்று துரோகம் என்று திட்டப்பட்ட அந்தப் படம்தான் இன்று காசினோவுக்குள் நடந்ததற்கு நமக்கிருக்கும் முக்கியமான காட்சிச் சாட்சி. 1981 டிசம்பரில் காசினோ மூடப்பட்டது, பிறகு கட்டடமும் போய்விட்டது. பின்னால் வந்த ஆவணப்படங்கள் மறுபடி மறுபடி அந்தக் காட்சிகளிடம்தான் போகின்றன. அன்றைக்குப் பிறந்தே இராத பிள்ளைகள் அதைப் பார்த்துக் கால் அசைவைக் கற்றுக்கொள்கிறார்கள். எது அசல் ஆட்டம் என்று சண்டை வந்தால், "பாமர் படத்தைப் பார்" என்று அந்தப் படத்தைத் திட்டியவர்களின் வாரிசுகளே சொல்கிறார்கள். கேமரா கெடுத்ததா, காத்ததா? என்னைக் கேட்டால் இரண்டும்தான்.

எனக்கு அந்தப் படத்தின் மேல் வேறொரு மனக்குறை. அது போட்டுக் கொடுத்த சட்டத்தை விட்டு ஊடகம் பிறகு வெளியே வரவேயில்லை. நார்தர்ன் சோல் பற்றி எந்தக் கட்டுரையை வேண்டுமானாலும் எடுங்கள். புகைபோக்கி வரும், பவுடர் வரும், மாத்திரை வரும். மாத்திரை பொய்யில்லை, ராத்திரி முழுக்க ஆட ஆம்ஃபெடமின் விழுங்கியவர்கள் நிறையப் பேர், மருந்துக் கடைகளில் பூட்டு உடைந்ததும் உண்டு. அதை மறைத்து எழுதினால் அதுவும் புளுகுதான். ஆனால் புகைபோக்கியும் மாத்திரையும் மட்டுமே கதை என்றால், அந்தப் பாட்டு எதற்கு? எந்தப் பாட்டாக இருந்தாலும் ஆடியிருப்பார்களே. இந்தப் பாட்டைப் பாடியவர் யார், அவர் என்ன ஆனார் என்று கேட்கிற கட்டுரைகள் மிகக் குறைவு.

சரி, உள்ளே இருந்தவர்கள் கேட்டார்களா? இங்கேதான் அசல் பேசுகிறவர்களுக்குச் சங்கடமான இடம் வருகிறது. அரிய தட்டு ஒன்று ஒரு டிஜே கையில் கிடைத்தால் அதன் நடுவில் இருக்கும் லேபிள் மேல் வெள்ளைத் தாளை ஒட்டிவிடுவார். பாடகர் பெயரையும் பாட்டின் பெயரையும் மாற்றிச் சொல்வார். போட்டி டிஜே தேடிப் பிடித்துவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. கூட்டம் வருடக்கணக்கில் பொய்ப்பெயரைச் சொல்லி அந்தப் பாட்டைக் கேட்டு வாங்கும். 'ஒரிஜினல் தட்டு மட்டும்தான், மறுபதிப்பு கூடாது' என்று சட்டம் பேசிய அதே அரங்கில் பாடியவரின் பெயர் தாளுக்கு அடியில் ஒளிந்திருந்தது. எந்தப் பத்திரிகையும் அந்தத் தாளை ஒட்டவில்லை.

அசல் எது என்று அவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவுமில்லை. பிளாக்பூல் மெக்கா என்ற அரங்கில் டிஜே இயன் லெவினும் டிஜே காலின் கர்ட்டிஸும் 1970களின் புதுத் தட்டுகளைப் போட ஆரம்பித்தார்கள். விகன் கட்சி அறுபதுகளை விட்டு நகரமாட்டேன் என்றது. 'லெவின் வெளியேறு' என்று பேனர் பிடிக்கிற அளவுக்குப் போயிற்று அந்தச் சண்டை. இதழ்களும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தன. இதில் யார் கட்சி சரி என்று தீர்ப்புச் சொல்வதில் எனக்கு ஆர்வமில்லை.

குளோரியா ஜோன்ஸ் என்ற பாடகியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1965இல் அவர் பாடிய 'டெயின்டட் லவ்' ஒரு தட்டின் பின்பக்கத்தில் வந்து யார் கண்ணிலும் படாமல் போனது. ரிச்சர்ட் செர்லிங் என்ற டிஜே 1973இல் அமெரிக்கா போனபோது அதைக் கண்டெடுத்து வந்து வடக்கத்தி அரங்குகளில் போட்டார். ஆட்டக்காரர்களுக்கு அது தேசிய கீதம் மாதிரி ஆகிவிட்டது. 1981இல் லீட்ஸில் படித்த இரண்டு பையன்கள் சாஃப்ட் செல் என்ற பெயரில் அதை சிந்தசைசரில் வாசித்துப் பாட, பிரிட்டனில் முதலிடம். அதற்குள் பிரிட்டிஷ் பத்திரிகைகளில் குளோரியாவின் பெயர் பெரிதாக அடிபட்டுத்தான் இருந்தது. எதற்கு? அவருடைய துணைவரான ராக் பாடகர் மார்க் போலன் 1977இல் கார் விபத்தில் இறந்தபோது ஓட்டியவர் இவர் என்பதற்காக. பல வாசகர்கள் குரலைக் கேட்பதற்கு முன்பே பெயரை இப்படித்தான் அறிந்தார்கள். ஊடகம் ஒரு இசையைக் கெடுப்பது என்றால் எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது, படப்பிடிப்பு விளக்கு இல்லை.

பாடியவர்களைத் தேடிப் பிடித்தவர்களும் உண்டு, அதையும் சொல்லவேண்டும். சிகாகோப் பாடகர் மேஜர் லான்ஸ் 1972இல் ஸ்டோக் பக்கத்து டார்ச் கிளப்பில் வந்து நேரில் பாடினார். அந்த இரவின் ஒலிப்பதிவு தனித் தட்டாகவே வந்தது. சொந்த நாடு மறந்த மனிதருக்கு இங்கே மண்டபம் நிரம்பி வழிந்தது. டெட்ராய்ட்டில் ரிக்-டிக் கம்பெனிக்குப் பாடிய எட்வின் ஸ்டார் இங்கிலாந்திலேயே குடியேறி, 2003இல் இங்கேயேதான் இறந்தார். இவர்களின் கதையில்தான் ஒரு நிருபருக்கு வேலை இருக்கிறது. காசினோ ஆட்கள் சட்டையில் குத்திய துணி பேட்ஜில் மூடிய கறுப்பு முஷ்டி இருக்கும், சுற்றிலும் 'நம்பிக்கையைக் கைவிடாதே' என்று எழுதியிருக்கும். அந்த முஷ்டி அமெரிக்கக் கறுப்பினப் போராட்டத்திலிருந்து வந்தது. அணிந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரப் பிள்ளைகள். அது உறவா, கடன் வாங்கியதா, அழகுக்கு ஒட்டியதா? ஒரே பதில் இருக்காது. கேட்டால்தானே தெரியும்.

2023 ஜூலையில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், பிபிசி ப்ராம்ஸ் என்ற சாஸ்திரிய இசை விழாவில், முழு ஆர்கெஸ்ட்ராவோடு நார்தர்ன் சோல் இரவு நடந்தது. 'இனிமேல் இது எங்கே தலைமறைவு இசை' என்று அங்கலாய்த்தவர்கள் உண்டு. எனக்கு அதில் வருத்தமில்லை. வயலின்காரர்கள் வாசித்ததால் பழைய தட்டு எதுவும் தேய்ந்துவிடாது. எந்த மண்டபத்தில் நடக்கிறது என்பதை வைத்து அசலை அளக்கிற பழக்கமே எனக்குப் பிடிபடவில்லை.

கடைசியாக ஒரு செய்தி. ஃபிராங்க் வில்சன் மோட்டவுனில் தயாரிப்பாளராக இருந்தவர். 1965இல் அவரே 'டூ ஐ லவ் யூ' என்று ஒரு பாட்டுப் பாடி, மோட்டவுனின் துணைக் கம்பெனியில் தட்டும் அடித்தார்கள். பிறகு பாடுவதை விட்டுத் தயாரிப்பிலேயே இருந்துகொண்டார். தட்டு வெளிவரவில்லை, அடித்தவற்றைப் பெரும்பாலும் அழித்துவிட்டார்கள். தப்பிய தட்டு இங்கிலாந்துக்கு வந்து, வெள்ளைத் தாளுக்கு அடியில், எட்டி ஃபாஸ்டர் என்ற பொய்ப்பெயரில் விகனைக் கலக்கியது. 2009இல் அதன் ஒரு பிரதி 25,742 பவுண்டுக்கு விற்றது. 2020இல் ஒரு லட்சம் பவுண்டு. இரண்டு முறையும் தலைப்புச் செய்தி விலைதான். கைமாறிய பழைய தட்டின் விற்பனையில் பாடியவருக்குச் சட்டப்படி ஒரு காசும் போகாது. அதை எத்தனை செய்திகள் ஒரு வரியாகவாவது எழுதின என்று தேடிப் பாருங்கள். வில்சன் பிற்காலத்தில் கிறிஸ்தவப் போதகரானார். முதல் விற்பனையின்போது உயிரோடு இருந்தார், 2012இல்தான் இறந்தார். அந்தப் பாட்டை இன்று யாரும் ஒரு நொடியில் போனிலேயே கேட்கலாம், இரண்டரை நிமிடம்தான். கூட்டம் முடிந்ததும் கேளுங்கள். அதற்கு முன்னால் கேள்விகள் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம்.