தோல்விக்கு வேண்டிக்கொள்ளும் ரசிகன்

அவையோருக்கு வணக்கம்.

உயிருக்கு உயிரான உங்கள் அணி தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு ஓர் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? யாரும் கை தூக்க வேண்டாம், சங்கடமாக இருக்கும். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 2013 முதல் மூன்று ஆண்டுகள் கூடைப்பந்து ரசிகர்கள் பலர் அப்படித்தான் பார்த்தார்கள்.

காரணம் எளிது. என்பிஏ என்கிற அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரில் ஒவ்வோர் ஆண்டும் புதிய இளம் வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். அதற்கு டிராஃப்ட் என்று பெயர். மோசமாக ஆடிய அணிகளுக்கு அதில் முன்னுரிமை. பந்திக்குக் கடைசியாக வந்தவனுக்கு முதல் இலை போடுகிற ஏற்பாடு. நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனால் முதல் இலை கிடைக்கும் என்று தெரிந்தால் வேண்டுமென்றே தாமதமாக வருகிறவனும் இருப்பான் அல்லவா?

பிலடெல்பியா செவன்டிசிக்சர்ஸ் அணியின் பொது மேலாளராக 2013-இல் வந்த சாம் ஹிங்கி அதைத்தான் செய்தார். வந்ததும் அணியின் நட்சத்திரமான ஜ்ரூ ஹாலிடேயை வேறு அணிக்குக் கொடுத்தார். பதிலுக்கு வாங்கிய நெர்லென்ஸ் நோயல், முழங்காலில் காயத்தோடு படுத்திருந்த இளைஞர். 82 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் முதல் ஆண்டு 19 வெற்றி, அடுத்த ஆண்டு 18, மூன்றாம் ஆண்டு 10. முதல் ஆண்டில் மட்டும் தொடர்ச்சியாக 26 தோல்விகள்.

ஹிங்கியை ஆதரித்தவர்களை முட்டாள்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. ஆண்டுதோறும் 38, 40 ஆட்டங்கள் ஜெயித்து, கோப்பையும் இல்லாமல் நல்ல இளம் வீரரும் இல்லாமல் நடுவில் தொங்குவதால் என்ன லாபம்? இங்கிலாந்துக் கால்பந்தில் கடைசி இடத்தில் முடித்தால் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். என்பிஏவில் அந்தப் பயமே இல்லை. கணக்காகப் பார்த்தால் ஹிங்கி செய்தது சரி.

ஆனால் கணக்கு அலுவலகத்தில் இருக்கிறது, ஆட்டம் மைதானத்தில் நடக்கிறது. ஆடுகிறவன் யாரும் வேண்டுமென்றே தோற்பதில்லை. ஜெயிக்க முடியாத அணியைக் கட்டிக் கொடுத்துவிட்டு, போய் ஆடு என்கிறார்கள், அவ்வளவுதான். பத்தே வெற்றி பெற்ற அந்த அணியில் டி.ஜே. மெக்கானல் என்றொரு சிறிய உருவம் இருந்தது. டிராஃப்டில் எந்த அணியும் அவரைத் தொடவில்லை. அவருக்கு ஒவ்வோர் ஆட்டமும் பிழைப்பு. அதே மனிதர் 2025-இல் இந்தியானா அணிக்காக இறுதிச் சுற்றில் ஆடினார். அவர் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடியபோது, ஐயோ ஜெயித்துத் தொலைத்துவிடுவார்களோ என்று கவலைப்பட்ட ரசிகன் என்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்? என்னை உறுத்துவது அந்த ரசிகன்தான், ஹிங்கி அல்ல.

விளைச்சலையும் சொல்ல வேண்டும். 2014-இல் மூன்றாவதாக எடுத்த ஜோயல் எம்பீட், 2023-இல் தொடரின் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்றார். கோப்பை மட்டும் வரவில்லை. 2019-இல் கோப்பைக்கான சுற்றில் டொரன்டோவுக்கு எதிரான, யார் முன்னேறுவது என்று தீர்மானிக்கும் ஏழாவது ஆட்டத்தின் கடைசி நொடியில் டொரன்டோவின் கவாய் லெனர்ட் எறிந்த பந்து வளையத்தின் விளிம்பில் நான்கு முறை துள்ளி உள்ளே விழுந்தது, பிலடெல்பியா வீட்டுக்குப் போனது. அந்த லெனர்ட், டிராஃப்டில் 15-ஆவதாக எடுக்கப்பட்டவர். எம்பீட் வந்த அதே ஆண்டில் 41-ஆவதாக வந்தவர் நிகோலா யோகிச். பின்னாளில் டென்வருக்குக் கோப்பை வாங்கித் தந்தவர். மறுபக்கமும் உண்டு: ஓக்லஹோமா சிட்டி அணி 22, 24 வெற்றிகளோடு இரண்டு ஆண்டுகள் கிடந்து, 2025-இல் கோப்பையை வென்றது. அந்த அணியின் முதன்மை வீரர் ஷே கில்ஜியஸ் அலெக்சாண்டர், தோற்றதற்குக் கிடைத்த பரிசு அல்ல. வேறு அணியிலிருந்து வீரர் பரிமாற்றத்தில் வந்தவர்.

என்பிஏ நிர்வாகமும் சும்மா இருக்கவில்லை. டிராஃப்டின் முதலிடத்தைக் குலுக்கலில் தீர்மானிப்பது 1985-இலேயே தொடங்கிவிட்டது. மிக மோசமான அணிக்கு இருந்த 25 சதவீத வாய்ப்பை 2019-இல் 14 ஆகக் குறைத்தார்கள். 2025-இல் 17 வெற்றிகளோடு கடைசியாக நின்ற யூட்டா ஐந்தாம் இடத்துக்குச் சரிந்தது, 1.8 சதவீத வாய்ப்பு வைத்திருந்த டாலஸ் முதலிடத்தை அள்ளிக்கொண்டது. 2018-இல் அந்த டாலஸின் உரிமையாளர் மார்க் கியூபன், தோற்பதுதான் நமக்கு நல்லது என்று தன் வீரர்களிடம் சொன்னதாக வெளியில் பேசிவிட்டார். ஆறு லட்சம் டாலர் அபராதம். வாயைத் திறந்ததற்கான கட்டணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டெட்ராய்ட் கதையைச் சொல்லி முடிக்கிறேன். 2023-24 பருவத்தில் அந்த அணி வேண்டுமென்று தோற்கவில்லை. முயன்று முயன்று தோற்றது. தொடர்ச்சியாக 28 ஆட்டங்கள். சொந்த ஊர்க்காரர்களே, அணியை விற்றுவிடு என்று உரிமையாளரைப் பார்த்துக் கோஷம் போட்டார்கள். டிசம்பர் 30-ஆம் தேதி, சொந்த மைதானத்தில், டொரன்டோவை 129-127 என்று வென்றது. அந்த வெற்றியால் புள்ளிப் பட்டியலில் ஒன்றும் மாறவில்லை. குலுக்கல் கணக்குப்படி பார்த்தால், தேவையில்லாத வெற்றி. அரங்கமோ கோப்பையையே வென்றதுபோல் ஆர்ப்பரித்தது.



நன்றி, வணக்கம்.